பொத்தானை அமுக்குதவரே, கொஞ்சம் நில்லும்!

வாரும் பேராண்டி, கம்ப்யூட்டர் துரையே! லேப்டாப்பைத் திறந்து வெச்சிருக்கீரு, மூஞ்சி மட்டும் ஏன் மூடிக் கெடக்கு? கோப்பைக் காணலையோ? எதை, 'ஃபைனல்'லையா, 'ஃபைனல் 2'வையா, 'நெசமாவே ஃபைனல்'லையா?

அதான் கிட் போட்டாச்சேங்கீரு. கோப்புல செய்யுத ஒவ்வொரு மாத்தத்தையும் கணக்கு வெச்சுக்கிடுத நல்ல சாமான்தான். லினக்ஸ் வேலைக்கு இதே மாதிரி ஓசியில கெடச்ச பிட்கீப்பர் 2005-ல கைவிட்டுப் போகவும், லினஸ் டோர்வால்ட்ஸ் தானே ஒண்ணை எழுத உக்காந்துட்டாரு. ஏப்ரல் 3-ந் தேதி தொடங்கி 7-ந் தேதிக்கெல்லாம், கிட்டோட கோடை கிட்டே காத்துக்கிடுத நெலைக்கு வந்திருச்சு. அதை இன்ஸ்டால் பண்ண உமக்கு ஒரு வாரம். இருக்கட்டும், பதறாத காரியம் சிதறாது.

கறுப்புத் திரையைக் கண்டு பயந்து கிட்ஹப் டெஸ்க்டாப்பை இறக்கினீராக்கும். தப்பில்ல. ஆனா பொத்தானுக்குப் பின்னால இருக்கது அதே கமிட், அதே புஷ், அதே புல்தான் வேய். கறுப்புத் திரையில தட்டித் தடவி அஞ்சு நிமிசத்துல கெடுக்குததை இதுல ஒரே அமுக்குல கெடுத்துரலாம். அந்த வசதி உண்டு.

மொதல்ல பேரையும் ஈமெயிலையும் ஒழுங்காக் குடும். விளையாட்டா 'சிங்கக்குட்டி'ன்னு போட்டீர்னா கமிட்டுக்குக் கமிட் அது ஒட்டிக்கிடும். நாளைக்கு மேனேஜர் 'ப்ளேம்' போட்டுப் பாக்கையில, ஓட்டை வரிக்குப் பக்கத்துல சிங்கக்குட்டிதான் நிக்கும்.

பெறகு, கமிட்டை அமுக்கிட்டு வேலை போய்ச் சேந்திருச்சுன்னு காலை நீட்டுதீரே! கடுதாசியை எழுதிச் சட்டைப்பையில வெச்சுக்கிட்டு, பதில் வரலையேன்னு ஏங்குத கதைதான். கமிட் உம்ம மிசினுக்குள்ளதான் கெடக்கும். புஷ் பண்ணினாத்தான் மத்தவனுக்குப் போவும். அதுக்கு முந்தி ஒரு புல் போட்டு, அவன் என்ன பண்ணி வெச்சிருக்கான்னு பாரும். ரெண்டு பேரும் ஒரே வரியில கைய வெச்சிருந்தா கான்ஃப்ளிக்ட்னு நிக்கும். அவன் எழுதினது எது, நீர் எழுதினது எதுன்னு குறி போட்டுப் பிரிச்சுக் காட்டும். எது வேணும்னு முடிவு பண்ணுத புத்தி மட்டும் அதுக்குக் கெடையாது. உம்மகிட்ட இருக்குன்னு அது நம்புது, பாவம். 'என்னுது மட்டும் போதும்'னு கண்ணை மூடிக்கிட்டு அமுக்கிராதேயும். மத்தவன் வேலையை அழிச்சுப்போடுத ஃபோர்ஸ் புஷ் பக்கமே தலை வெச்சுப் படுக்காதேயும்.

பாஸ்வேர்டு கெடக்குத கோப்பு ஏதும் இருந்தா, மொத கமிட்டுக்கு முந்தியே கிட்இக்னோர்ல எழுதிப் போடும். ஏத்திட்டு அப்புறம் அழிச்சா, பழைய கமிட்டுல அது சம்மணம் போட்டு உக்காந்திருக்கும். அப்பிடி ஆச்சுன்னா மறுவேலை பாக்காம பாஸ்வேர்டை மாத்தும்.

ஒவ்வொரு கமிட்டுக்கும் ஒரு வரி எழுதச் சொல்லுதுல்லா, அங்ஙன 'அப்டேட்', 'அப்டேட்', 'மறுபடி அப்டேட்'னு எழுதியிருக்கீரே, ஆறு மாசம் கழிச்சு உமக்கே வெளங்குமா?

இந்தக் கெழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்கீராக்கும். உம்ம கோடை ரிவ்யூ பண்ணுதது உம்ம அத்தை மகதானாமே. நேத்து ராத்திரி ஒவ்வொண்ணா வாசிச்சுக் காட்டினா. உங்க ஆச்சிக்குச் சிரிப்பு இன்னும் நிக்கலை.