விராலுக்குப் பேறுகாலம்

பாளையங்கோட்டை மீன் கடைகளில் ஒருகாலத்தில் என் பெயர் யாருக்கும் தெரியாது. ‘தலைக்கார அண்ணாச்சி’ என்றால் தெரியும். கட்லா, ரோகு வெட்டுகிற இடமாகப் பார்த்து நிற்பேன். சதை வாங்குகிறவர்கள் போனபிறகு தலைகளை மட்டும் கேட்பேன். பிடித்து வெகுநேரமானது ஆகாது, சினைப்பருவம் வந்த மீனாக இருக்கவேண்டும், மண்டை சிதையாமல் வெட்டவேண்டும் என்று பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி நிபந்தனை வேறு.

“முள்ளு மண்டைக்கு இம்புட்டுப் பவுசா?” என்பாள் மீன்கார அக்கா.

“மூளைக்கு அடியில கடுகளவு சுரப்பி ஒண்ணு இருக்குக்கா. அத எடுத்துக் கரைச்சு இன்னொரு மீனுக்கு ஊசி போட்டா அது முட்டை விடும்” என்று ஒருநாள் விளக்கிச் சொன்னேன். அதன்பிறகு அக்கா என்னிடம் பேரம் பேசுவதை நிறுத்திவிட்டாள். கேட்ட விலைக்குத் தந்து, சீக்கிரம் அனுப்பிவிடுவாள். புத்தி பேதலித்தவனிடம் எதற்கு வம்பு?

பல்கலைக்கழக மீன் ஆய்வுக்கூடத்தில் டெக்னீசியன் என்பது என் உத்தியோகம். அக்காவுக்குப் பைத்தியமாகப் பட்டது உண்மையில் நாட்டின் பெரிய சாதனை. கட்லாவும் ரோகுவும் ஆற்றில் வெள்ளம் வந்தால்தான் முட்டையிடும். குளத்தில் அடைத்தால் சினை முதிரும், அதோடு சரி. அதனால் குஞ்சு வேண்டுமென்றால் வெள்ளக் காலத்தில் ஆற்றில் போய் அள்ளவேண்டும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹிராலால் சௌத்ரியும் கே.எச். அலிகுன்ஹியும் மீன் தலைச் சுரப்பியை ஊசியாகப் போட்டு, கெண்டை இனத்தைக் குளத்து நீரிலேயே முட்டையிட வைத்தார்கள். அந்த நாள்தான் இன்று தேசிய மீன் விவசாயிகள் தினம். அன்றைக்கு எங்களுக்கு லீவு கிடையாது. மீனுக்குப் பசிக்காத நாளாகப் பார்த்து ஒரு தினம் அறிவித்தால் நல்லது.

சுரப்பியை அப்சல்யூட் ஆல்கஹாலில் போட்டு வைக்கவேண்டும். அந்த ஆல்கஹாலுக்குத் தனி நோட்டு, தனிக் கையெழுத்து. ஸ்டோரில் குப்பியைத் தருகிறவர் என் கண்ணை ஒருதரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் தருவார். சுரப்பி எடுத்த மண்டைகள் சாயங்காலம் என்னோடு வீட்டுக்கு வந்துவிடும். ஆராய்ச்சியும் ஆச்சு, ஆணமும் ஆச்சு.

இப்போது அந்த வேலையெல்லாம் இல்லை. ஓவாப்ரிம் என்று புட்டியிலேயே மருந்து வருகிறது. மனைவிக்குத்தான் வருத்தம். எனக்கு இப்போது அந்த மருந்தை விராலுக்குப் போட்டு முட்டையிட வைக்கிற வேலை.

விரால் வேலை இல்லாத நாட்களில் ஆராய்ச்சி மாணவர்களோடு வலையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போகவேண்டும். “என்னடே, யூனிவர்சிட்டியில சம்பளம் வாங்கிட்டு இங்க வந்து அயிரை அரிக்கிய?” என்று படித்துறையில் துணி துவைக்கிற ஆச்சிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலுக்குள் போகிற தாமிரபரணிக்கு நீளம் சுமார் 128 கிலோமீட்டர். இத்தனூண்டு ஆற்றுக்கென்றே ஒரு கெண்டை உண்டு. ஆண் மீனின் முதுகுத் துடுப்பு நூல் நூலாக நீண்டு அசையும். 1950களில் அதை முதலில் விவரித்த இ.ஜி. சைலஸ், ஆற்றின் பெயரையே அதற்கு வைத்தார். 2012இல் இலங்கையின் ரோஹன் பெத்தியாகொடவும் உடன் ஆய்ந்தவர்களும் இதற்கும் இதன் உறவு மீன்களுக்கும் புதுப் பேரினம் ஒன்றை ஏற்படுத்தி, டாகின்சியா என்று பெயரிட்டார்கள். கடவுள் இல்லை என்று புத்தகம் போட்ட ரிச்சர்ட் டாக்கின்ஸின் நினைவாக. ஆக, முன்பாதி நாத்திகம், பின்பாதி தீர்த்தம். பாபநாசம் கோயில் படித்துறையில் மீனுக்குப் பொரி போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களிடம் இந்தச் சங்கதியை நான் சொல்வதில்லை.

அந்தக் கெண்டையைத் தேடி வலை போட்டால் சிக்குவது பெரும்பாலும் ஜிலேபி. 1952இல் நாட்டுக்குள் கொண்டுவந்து விட்ட மீன் அது. அதற்கு ஊசியும் வேண்டாம், டெக்னீசியனும் வேண்டாம். பார்க்கிற குட்டையிலெல்லாம் குடும்பம் நடத்தும்.

விரால் அப்படியல்ல. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் பேராசிரியர் எம்.ஏ. ஹனீபா விராலை ஊசி போட்டு முட்டையிட வைத்துக் கட்டுரை கட்டுரையாக எழுதியதிலிருந்து இந்தப் பக்கத்து ஆராய்ச்சிக்காரர்களுக்கு விரால் மேல் ஒரு கண். ஆய்வேட்டில் ‘மீன்களுக்கு ஹார்மோன் செலுத்தப்பட்டது’ என்று ஒற்றை வரி வரும். செலுத்தியவன் அன்று சாயங்காலம் தலையிலிருந்து கால்வரை நனைந்து, கோழை நாற்றத்தோடு டவுன் பஸ்ஸில் தனி சீட்டில் வந்தது அதில் வராது. பிடித்தால் கைக்குள் நிற்காத மீன். ஈரத்துணியால் கண்ணைப் பொத்தினால் கொஞ்சம் அடங்கும். அந்த நேரத்துக்குள் முதுகுச் சதையில், செதிலுக்கு அடியே ஊசியைச் சரித்து இறக்கவேண்டும். கிலோவுக்கு அரை மில்லி. ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்று தொட்டியில் விட்டு, மறைவுக்கு அமலைச் செடி போட்டு, மேலே வலை மூடி, வலைமேல் செங்கல் வைக்கவேண்டும்.

செங்கல்லை அலட்சியமாக நினைக்கக் கூடாது. விரால் துள்ளினால் துள்ளியதுதான். “சார், வராண்டால பாம்பு!” என்று நடுராத்திரி வாட்ச்மேன் போன் போட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். பார்த்தால், ஊசி போட்ட பெண் விரால் துறைத்தலைவர் அறை வாசலில் படுத்திருக்கிறது. விராலுக்குச் செவுளோடு காற்றை இழுக்கிற உறுப்பும் உண்டு. மேல் காயாதவரை தரையிலும் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் கரண்ட் போய் ஏரேட்டர் நின்றால் கெண்டைகள் வாயைப் பிளக்கும்போது, விரால் மட்டும் மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுப் பேசாமல் இறங்கிவிடுகிறது. கெண்டைகளுக்காக விழித்திருந்து விழித்திருந்து எனக்கு அந்த மோட்டார் இரைச்சல் இல்லாவிட்டால் தூக்கம் வராது. வீட்டில் நடுச்சாமம் எழுந்து உட்கார்ந்தால், “பேசாம மீனு கூடயே போய்ப் படுங்க” என்று மனைவி திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

எல்லாம் கூடிவந்தால் ஊசி போட்ட மறுநாள் பொன்னிறமாக முட்டை மிதக்கும். முட்டை வந்தால் புரொபசர் வருவார், போட்டோ எடுப்பார். வராவிட்டால் நான் வரவழைக்கப்படுவேன். இன்னொரு நாள் போனால் குஞ்சு. விட்டால் தாய் தகப்பனே காவல் நின்று பார்த்துக்கொள்ளும். ஆராய்ச்சி என்று பிரித்துவிட்டால் அந்தக் காவல் என் தலையில். குஞ்சுகளுக்குத் தீனியாக ஆர்ட்டீமியா பொரிக்கவேண்டும். உப்புத்தண்ணீரில் முட்டைத்தூளைப் போட்டுக் காற்று விட்டால் மறுநாள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமல் நெளியும். மீனுக்குச் சாப்பாடு பிறப்பதற்கும் நான்தான் காத்திருக்கவேண்டும்.

குஞ்சுகள் செக்கச்செவேலென்று ஒரே கூட்டமாகத் திரிகிறவரை அழகுதான். பிறகு ஒன்று கொஞ்சம் பெருக்கும். பெருத்தது, பக்கத்தில் இருக்கிற உடன்பிறப்பை ஏற இறங்கப் பார்க்க ஆரம்பிக்கும். பெரிசு, சிறிசு என்று பிரித்துத் தொட்டி மாற்றுவது என் அன்றாட வேலை. ஞாயிற்றுக்கிழமை ஒன்று குறுக்கே வந்தால் போதும், திங்கட்கிழமை காலையில் ஆராய்ச்சித் தம்பி நோட்டும் கையுமாக வந்து நிற்பார்.

“அண்ணே, எண்ணிக்கை குறையுதே?”

“எங்க போவப்போவுது தம்பி, தொட்டிக்குள்ளதான் இருக்கும்.”

“ரெண்டுதரம் எண்ணிட்டேன்ணே.”

“மீன எண்ணுனீங்க. மீனுக்குள்ள எண்ணுனீங்களா?”

தம்பியின் நோட்டில் ‘இறப்பு’ என்று ஒரு கட்டம் இருந்தது, ‘உணவு’ என்று ஒரு கட்டம் இருந்தது. எதில் எழுதுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.