பேரரசும் பழுப்புத் தாளும்
விண்மீன் மண்டலங்களே மோதிக்கொள்ளும் சாகசக் கதையான 'ஸ்பேஸ் ஓபரா'வுக்கு 1928இல் 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழில் அடித்தளமிட்ட இ. இ. ஸ்மித், டோனட் மாவுக் கலவைகளைப் பக்குவப்படுத்தும் வேதியியலாளராகப் பிழைப்பு நடத்தியவர் என்பதைப் பழம்பிரதி சேகரிப்போர் பக்தியுடன் நினைவுகூர்வர். ஒளியை முந்தும் கப்பலில் ஏறிய பின்னும் அவருடைய மாந்தர்கள் ஸ்லைடு ரூலை, அதாவது நகரும் சட்டம் பொருத்திய கணக்கிடும் அளவுகோலை, நம்பியிருப்பது மறுவாசிப்பில் குறையாகத் தோன்றுவதில்லை, சுவையாகவே தோன்றுகிறது. 1952 முதல் ஏஸ் நிறுவனம் இரு நாவல்களில் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி ஒரே நூலாக்கிய 'ஏஸ் டபுள்' வரிசையிலோ, இருபுறமும் முன்னட்டையே என்பதால், எதை வெளியே காட்டுவது என்பது அலமாரிக்காரருக்குத் தீராத வழக்கு. அமிலம் மிகுந்த மலிவுத் தாள் விரல் பட்டாலே உதிர்வதால், மெய்யான பற்றாளர் அதை உறையிலிட்டுப் பூட்டிவிட்டு வாசிப்புக்கென இன்னொரு பிரதி வாங்குகிறார். அதுவும் விலையேறியதும் உறைக்குள் போய்விடுகிறது.