சந்தைக்கு வந்த மருந்துப் படிப்பு

கேள்வி: மருந்தியல் மாணவர்கள் வகுப்பை விட்டுப் பேரங்காடியில் மேசை போட்டு விழிப்புணர்வு இயக்கம் நடத்துகிறார்களே, இது படிப்பா, பொழுதுபோக்கா?
— வாசகர், பாயான் பாரு

பதில்: படிப்புதான், தேர்வாளர் மட்டும் மாறியிருக்கிறார். வைரஸுக்கும் பாக்டீரியாவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பேராசிரியருக்கு எழுதிக் காட்டினால் மதிப்பெண் கிடைக்கும். காய்கறிப் பையோடு நிற்கும் பாட்டிக்கு, சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் ஏன் உதவாது என்று அவர் மொழியில் புரியவைத்தால்தான் தேர்ச்சி. 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. விரிவுரை மட்டும் கேட்டவர்களில் சராசரியாக 33.8 விழுக்காட்டினர் தோற்றார்கள். தாமே ஈடுபட்டுக் கற்றவர்களில் 21.8 விழுக்காட்டினர்தாம்.

‘அது மருந்தியலைப் பற்றிய ஆய்வு இல்லையே?’ என்பீர்கள். சரிதான்; ஆனால் மருந்தாளர் தொழிலில் பாதி மருந்து, மீதி பேச்சு. பேச்சை விரிவுரையில் கற்பது, நீச்சலைத் தபாலில் கற்பது போல. உங்கள் ஊருக்கு அருகிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1972 முதல் மருந்தியல் கற்பிக்கிறது. அப்படியிருந்தும் சுகாதார அமைச்சு 2007-இல் ‘உங்கள் மருந்தை அறிந்துகொள்ளுங்கள்’ இயக்கத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. காரணம் எளிது: மாத்திரை பையில் இருக்கிறது, விவரம் தலையில் இல்லை.

அரைகுறையாகப் படித்தவர் தப்பாகச் சொல்லிவிட்டால்? பக்கத்தில் பதிவுபெற்ற மருந்தாளர் நிற்கட்டும். பலூனும் படமெடுப்புமாக முடிந்துவிட்டால்? வந்தவர்களுக்கு முன்பு என்ன தெரியும், பின்பு என்ன தெரியும் என்று அளந்து மதிப்பெண் போடட்டும். மருந்துக்குக்கூட ஒருவர் கேள்வி கேட்கவில்லை என்றால், கோளாறு கூட்டத்தில் இல்லை, கொடுத்த மருந்தில்தான்!