ஈ.பி.க்கு ஓர் இடம் ஒதுக்கக் கோரும் மனு

பெறுநர்: அகராதிக் குழுவினர், எந்தெந்த ஊரில் இருக்கிறார்களோ அந்தந்த ஊர்.

பொருள்: நிறுவனப் பெயர்களை அகராதியில் சேர்ப்பது தொடர்பாக.

பார்வை: நிறுவனப் பெயர்களைக் கண்டால் தாங்கள் வழக்கமாகச் சாத்தும் கதவு.

ஐயா / அம்மையீர்,

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் சோழனுக்கும் பாண்டியனுக்கும் இடம் உண்டு. அதை ஆட்சேபிக்க நான் வரவில்லை. வரி வாங்கினார்கள், சண்டை போட்டார்கள், கல்லில் பேரைப் பொறித்துக்கொண்டார்கள். இடம் கொடுத்தது நியாயம்தான். ஆனால் கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன், மதுரையில் பாண்டியன் என்று அதே பெயர்களில் பஸ் ஓடியதே, அந்தக் கழகங்கள் என்ன பாவம் செய்தன? மன்னர்களைவிட அதிகம் பேரைச் சுமந்தவை அவை. படிக்கட்டில் தொங்கியவர்களைக் கணக்கில் சேர்க்காமலே சொல்கிறேன்.

1997இல் அரசு அந்தப் பெயர்களையெல்லாம் போக்குவரத்துக் கழகங்களிலிருந்து எடுத்துவிட்டது. பஸ்ஸிலிருந்துதான் எடுக்க முடிந்தது. நாளைக்கு ஓர் ஆராய்ச்சி மாணவர் எண்பதுகளில் நடக்கும் கதை ஒன்றைப் பிரிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ராத்திரி திருவள்ளுவரைப் பிடித்து விடியற்காலையில் நாகர்கோவில் போய் இறங்கினான்’ என்றிருக்கிறது. மாணவர் தங்கள் அகராதியைப் புரட்டுகிறார். திருக்குறள் இயற்றிய புலவர் என்று போட்டிருக்கிறது, அவ்வளவுதான். வெளியூர்களுக்கு விரைவுப் பேருந்து விட்ட திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகம் என்று ஒரு வரி இல்லை. ‘தமிழ்ப் புனைகதையில் குருவருள்’ என்று அவர் ஆய்வேடு எழுதி, வாய்மொழித் தேர்வில் எல்லோரும் கைதட்டி, முனைவர் பட்டமும் கொடுத்துவிடுவார்கள். யார் பொறுப்பு?

இயற்பெயர்களுக்குத்தான் அபிதான சிந்தாமணி இருக்கிறதே என்பீர்கள். ஆ. சிங்காரவேலு முதலியார் தனி ஒருவராகத் தொகுத்த அந்த மகத்தான நூல் வெளிவந்தது 1910இல். தேவர்கள், முனிவர்கள், அரசர்கள், புலவர்கள் எல்லோரும் அதில் வரிசையாக நிற்கிறார்கள். மின்சார வாரியம் பிறந்ததோ 1957இல். முதலியாரை இதற்கு மேலும் தொந்தரவு செய்ய வேண்டாம்.

உண்மையில் நான் பேச வந்தது அந்த வாரியத்துக்காகத்தான். 2010இல் அதைப் பிரித்து டான்ஜெட்கோ, டான்டிரான்ஸ்கோ என்று பெயரிட்டார்கள். 2024இல் டான்ஜெட்கோவையும் பிரித்துவிட்டார்கள். பெயர்ப்பலகை எழுதுகிறவர்களுக்கும் ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவர்களுக்கும் நல்ல காலம். மற்றபடி ஊரில் யாரும் தலைநிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கரன்ட் போனால் “ஈ.பி.க்கு போன் போடு” என்கிறோம். அங்கே ஈ.பி. என்பது நிறுவனம். “ஈ.பி.க்கு எதிர்ச்சந்து” என்று ஆட்டோக்காரரிடம் வழி சொல்லும்போது அது கட்டடம். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் வீட்டுக்காரம்மா மாடிப்படியில் நின்றபடியே, “வாடகை எட்டாயிரம், ஈ.பி. தனி” என்கிறார், அங்கே அது கட்டணம். அனுபவம் உள்ளவர் உடனே, “நமக்குத் தனி ஈ.பி.யா, சப்-மீட்டரா?” என்று திருப்பிக் கேட்பார்; இப்போது அது சுவரில் தொங்கும் பெட்டி. ஒரே மூச்சில் பேசும் இரண்டு பேருக்கு நடுவே பொருள் மாறுகிறது, இருவருக்கும் ஒரு குழப்பமும் இல்லை. வாழ்நாளில் ஒரு முறையும் வாயில் வராத எத்தனையோ பழஞ்சொற்களுக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்த தாங்கள் இதற்கு நான்கு வரி தரக் கூடாதா?

நிகண்டு செய்தவர்கள் தங்களைவிடத் தாராளம். திவாகரத்தில் ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்லப் பதினோராம் தொகுதி. பலவற்றின் கூட்டத்துக்கு ஒரு பெயர் சொல்லப் பன்னிரண்டாம் தொகுதி. எத்தனை கம்பெனியாக உடைத்தாலும் ஒரே பெயரில் நடமாடும் ஈ.பி.யைத் திவாகரர் பார்த்திருந்தால் இரண்டிலும் உட்கார வைத்திருப்பார்.

டாஸ்மாக் விவகாரம் வேறு மாதிரி. அதன் முழுப்பெயர் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம். தொடங்கிய ஆண்டு 1983. என்ன வாணிபம் என்று பெயரில் ஒரு சாடையும் கிடையாது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பற்றிப் படித்துவிட்டு வரும் வெளிநாட்டுக்காரர் மிளகு கிடைக்குமா என்று விசாரிக்கக்கூடும். 2003 நவம்பரில் மதுவின் சில்லறை விற்பனை அரசின் கைக்கு வந்ததிலிருந்து ஊருக்கு ஊர் அது பொதுப்பெயராகிவிட்டது. மாணவர் பதிப்பில் எப்படிச் சேர்ப்பது என்று தயங்க வேண்டாம். பள்ளிக்கும் கடைக்கும் நடுவே தூரம் விட வேண்டும் என்று விதி இருக்கிறது; ‘ட’வுக்கும் ‘ப’வுக்கும் நடுவே ‘த’வும் ‘ந’வும் கிடப்பதால் தூரம் தாராளம்.

இனி ஓர் எச்சரிக்கை. கதவைத் திறந்தீர்களென்றால் முதலில் வந்து நிற்பவர்கள் செயலாளர்களும் மக்கள் தொடர்பு அதிகாரிகளும்தான். நிறுவனரின் படம், சின்னம், வெள்ளிவிழா மலர் சகிதம் வருவார்கள். பொருளையும் அவர்களே எழுதி வந்திருப்பார்கள். ‘அயராது’, ‘தன்னலமற்ற’ இரண்டும் கட்டாயம் இருக்கும். இடம் வேண்டும், ஆனால் ஊர் கொடுத்த பொருள் வேண்டாம் என்பதே அவர்கள் கட்சி. வெளிநாட்டிலும் இதே கதைதான். சம்பளம் குறைந்த, முன்னேற்றத்துக்கு வழியில்லாத வேலைக்கு ‘மெக்ஜாப்’ என்று ஒரு சொல் நடமாட, மெரியம்-வெப்ஸ்டர் அதை 2003இல் தன் அகராதியில் சேர்த்தது. மெக்டொனால்ட்ஸின் தலைமை அதிகாரியே கண்டனக் கடிதம் எழுதினார். அகராதி அசையவில்லை. ஸ்வீடனின் மொழி மன்றம், இணையத்தில் எந்தத் தேடுபொறியில் தேடினாலும் அகப்படாதது என்ற பொருளில், கூகுள் பெயரை வைத்துப் பிறந்த சொல் ஒன்றைப் புதுச்சொல் பட்டியலில் போட்டது. பொருளைத் திருத்தச் சொல்லி கூகுள் நின்றது. மன்றம் 2013இல் பட்டியலிலிருந்து சொல்லையே எடுத்தது; திருத்தித் தர மட்டும் மாட்டேன் என்றுவிட்டது. ரோஷமுள்ள மன்றம்.

ஆகவே விதி ஒன்றே போதும்: விண்ணப்பம் போடும் நிறுவனம் அந்த நிமிடமே தகுதி இழக்கும். தன் பெயரைப் பொதுப்பெயராக்காதீர்கள் என்று விளம்பரம் கொடுத்துக் கெஞ்சியது ஜெராக்ஸ் கம்பெனி. நம் தாலுகா ஆபீஸ் வாசலில் அதன் பெயரைப் பலகையில் எழுதி, உள்ளே கேனானையும் ரிக்கோவையும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அதைத் தாராளமாகச் சேர்க்கலாம். சந்தேகம் வந்தால் பெயருக்குப் பின்னால் ‘காரர்’ போட்டுப் பாருங்கள். ஈ.பி.காரர் தெருவுக்குத் தெரு உண்டு, எல்.ஐ.சி.காரர் மார்ச் மாதம் தவறாமல் வருவார். டான்ஜெட்கோகாரர் என்று ஒருவரை யாராவது கூப்பிட்டுக் கேட்டதுண்டா?

நான் எந்தக் கழகத்திலும் உறுப்பினன் அல்லன். கழகம் என்ற சொல்லை எந்தப் பொருளில் எடுத்துக்கொண்டாலும்.

இங்ஙனம்,
தனி ஈ.பி. உள்ள வீடு தேடும் ஒரு வாசகன்

இணைப்பு: 1. ஆதார் ஜெராக்ஸ், 2 பிரதி. (‘ஒளிநகல்’ என்று எழுதித்தான் கொடுத்தேன். முகப்பில் இருந்த தம்பி, “ஜெராக்ஸ் எங்க சார்?” என்று கேட்டதால் திருத்தப்பட்டது.)