முளையப் பிடுங்கிட்டுக் கயித்தக் குத்தம் சொல்லாத

என்ன பேராண்டி, மூஞ்சி தொங்கிப் போய்க் கெடக்கு? ஆய்வேட்டை நாளைக்குக் குடுக்கணுமா? பக்கத்துக்குப் பக்கம் தடித்த எழுத்துல ‘எர்ரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட்’னு வேர்டு கத்துதா? ‘விவரத்துக்கு எர்ரர் காண்க.’ பேஷ்! உங்க பேராசிரியர் காண்பாரு, நல்லாக் காண்பாரு.

அதுக்கு நீ என்ன வைத்தியம் பாத்த? வைரஸ்னு சொன்ன. ரேம் பத்தலைன்ன. சாப்ட்வேரை அழிச்சு மறுபடி ஏத்துன. ரேம் பாவம்டா, வாயில்லா ஜீவன். அது உன்னய என்ன பண்ணுச்சு?

இப்படி உக்காரு. ஆல்ட்டோட எஃப்9-ஐ அமுக்கு. நம்பர் இருந்த எடத்துல அடைப்புக்குள்ள ‘ரெஃப்’னு ஆரம்பிச்சு வால் நீளத்துக்கு என்னமோ தெரியுதா? அதான் கயிறு. எந்தத் தலைப்பைக் காட்டி நீ கிராஸ் ரெஃபரன்ஸ் போட்டியோ, அந்தத் தலைப்புல வேர்டு கமுக்கமா ஒரு புக்மார்க்கை அடிச்சு வச்சிருக்கு. அதான் முளை. புக்மார்க் பெட்டியத் தொறந்து ‘ஹிடன் புக்மார்க்ஸ்’ல டிக் போடு, அம்புட்டும் வரிசையா நிக்கும்.

நீ என்ன செஞ்ச? தலைப்பு எடுப்பா இல்லைன்னு முழுசா செலக்ட் பண்ணி டெலீட் அடிச்ச. புதுசா டைப் பண்ணுன. முளை போச்சு. கயிறு எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்? இதுல கூத்து என்னன்னா, போனது அன்னைக்கே தெரியாது. எஃப்9 அமுக்கும்போதோ பிரிண்ட் குடுக்கும்போதோதான் வெளுக்கும்.

தலைப்ப மாத்தாதன்னு சொல்லல. நடுவுல கர்சரை வச்சுப் புதுச அடி, அப்புறம் ரெண்டு பக்கமும் பழச அழி. தலைப்புக்கு முந்தி ஒரு பாரா வேணுமா? தலைப்போட முதல் எழுத்துல நின்னு என்டர் தட்டாத. அந்தப் பாராவும் புக்மார்க்குக்குள்ள ஏறிக்கிரும். அப்புறம் தலைப்போட வாசகத்தைக் காட்டி ‘காண்க’ன்னு போட்ட எடத்துலயெல்லாம் முழுப் பாராவும் வந்து குத்தவச்சு உக்காந்துக்கிரும். மேல் பாராவோட கடைசியில போய்த் தட்டுனா விரல் தேஞ்சா போயிரும்?

போனதுக்கு வழி? பழைய பிரதியத் தொறந்து அது எதைக் காட்டுச்சுன்னு பாரு. செத்ததை அழிச்சுட்டுப் புதுசா ரெஃபரன்ஸ் போடு. குறுக்கு வழின்னு ஒரு புத்திசாலி எல்லாத்தையும் செலக்ட் பண்ணிட்டு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்9 மூணையும் சேத்து அமுக்கச் சொல்லுவான். அமுக்குனா அம்புட்டு ரெஃபரன்சும் வெறும் எழுத்தாப் போயிரும். நாளைக்கு ஒரு அத்தியாயத்த முன்ன பின்ன நகத்துனா, நம்பரையெல்லாம் அவனா வந்து திருத்துவான்?

இன்டிசைனுக்கு மாறிட்டா தப்பிச்சிரலாமாக்கும்? 2008-ல சிஎஸ்4 வந்தப்பதான் அதுக்குள்ளயே இந்த வசதி வந்துச்சு. அங்கயும் குறிய அழிச்சா சிவப்புக் கொடி காட்டும். லேடெக்ஸா? அது கத்தாது. ரெண்டு கேள்விக்குறியப் போட்டுட்டு நமட்டுச் சிரிப்பு சிரிக்கும்.

ஈய எழுத்துக் கோத்த காலத்துல ‘பக்கம் 00 காண்க’ன்னு விட்டு வப்போம். பக்கமெல்லாம் நின்னப்புறம் கடைசி புரூஃப்ல கண்ணால பாத்து நம்பரைப் போடுவோம். மிசினு வந்துச்சுன்னு கண்ண மூடிக்கிரலாமா? கன்ட்ரோல் ஏ, எஃப்9 போடு. அடிக்குறிப்புக்குத் தனியாப் போடு, அதை இது தொடாது. அப்புறம் ‘எர்ரர்’னு தேடு. எர்ரர் வராத நம்பரும் பொய் சொல்லும்டா, அதனால ஒவ்வொண்ணுக்கும் பக்கத்தப் புரட்டிப் பாரு.

அதுக்கெல்லாம் நேரம் இல்லையா? அட்டைக்கு நீலமா பச்சையான்னு மூணு நாளு மூளையக் கசக்குனியே, அதுக்கு மட்டும் எங்கடா இருந்துச்சு நேரம்?