இலக்கு சேர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஹட்டன் பஸ் ஸ்டாண்டில், கழுத்தில் டை, டைக்கு மேல் மஃப்ளர், தோளில் ஏதோ ஒரு நிறுவனம் சும்மா கொடுத்த கறுப்புப் பை, கக்கத்தில் சுருட்டிய பிரிஸ்டல் போர்ட் என்று ஒருவர் நின்றால், தயவுசெய்து அவரிடம் வழி கேட்காதீர்கள். எங்கே போக வேண்டும் என்பதை முதலில் நீங்களே தெளிவாக வரையறுத்துக்கொள்ளச் சொல்வார்.

அழைப்புக் கடிதத்தில் இவருக்குப் பெயர் வளவாளர். பிள்ளைகள் வைத்த பெயர் இலக்கு சேர். கொட்டகலையில் ஒல்லியாகவும் மஸ்கெலியாவில் கொஞ்சம் தடித்தும் தலவாக்கலையில் தாடியோடும் இவரைப் பார்க்கலாம். ஆள்தான் வேறு, சரக்கு ஒன்று. உன் வாழ்க்கையின் நோக்கம் என்ன? உன் விழுமியங்கள் எவை? ஐந்து வருடத்தில் எங்கே இருப்பாய்? சாதாரண தரம் எழுதப் போகும் பிள்ளைகளுக்கும் இதுதான், சுயதொழில் கடனுக்கு வந்த அம்மாமாருக்கும் இதுதான், மதுவொழிப்புக் கூட்டத்துக்கும் இதுதான். பானரை மட்டும் மாற்றிக் கட்டுவார்கள்.

தொடக்கமே கைதட்டல். சாதாரணக் கைதட்டல் இல்லை, மழைக் கைதட்டல். ஒரு விரலால் தட்டினால் தூறல், இரண்டு விரலால் மழை, ஐந்து விரலாலும் அடைமழை. வெளியே அசல் மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருக்க, சனசமூக நிலையத்துக்குள் கூட்டம் முழுக்க எழும்பி நின்று நகல் மழை பெய்விக்கும். பிறகு கேர்ணல் சாண்டர்ஸ் வருவார். கோழி பொரிக்கும் பக்குவத்தைத் தூக்கிக்கொண்டு 1,009 இடங்களில் ஏறி இறங்கி, இல்லை இல்லை என்று கேட்டுத் திரும்பியவர். கூடவே நடந்து அந்த 1,009ஐ எண்ணியது யார் என்று எந்த வளவாளரும் இதுவரை சொன்னதில்லை. சாண்டர்ஸ் போனதும் அப்துல் கலாம் பேப்பர் போட வருவார். அவர் போட்டு முடிப்பதற்குள் கரண்ட் போய்விடும்.

எனக்கு ஒரு குறை உண்டு. இதே ஹட்டனில் 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் தொடங்கிய கோ. நடேசய்யர் இவருடைய பவர்பொயின்டில் தலைகாட்டுவதே இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். வெளியார் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில் புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே போய்ப் பார்த்தார் என்பார்கள். அவர் பேசும் கூட்டங்களில் மனைவி மீனாட்சியம்மாள் பாடுவார். இத்தனைக்கும் ‘வெற்றியுனதே’ என்று தலைப்பு வைத்தே ஒரு புத்தகம் போட்டவர். இலக்கு சேருக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோடி எங்கே கிடைப்பார்? சிக்கல் என்னவென்றால், நடேசய்யர் வைத்த இலக்குகளை ஊரே ஒன்றுசேர்ந்துதான் எட்ட முடியும். சேரின் படிவத்தில் அதற்கு இடம் இல்லை. அங்கே எல்லாக் கட்டமும் ‘நான்’ என்றே தொடங்கும்.

சேரின் சொந்த இலக்குகளையும் சொல்லிவிட வேண்டும். லயத்துப் பிள்ளைதான். சட்டத்தரணியாக வர நினைத்தார், இஸட் புள்ளி ஒத்துழைக்கவில்லை. கிராம உத்தியோகத்தர் பரீட்சை எழுதினார். வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் துணி மடித்தார். ஆசிரிய உதவியாளராகி மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவை வைத்துக்கொண்டு எப்படி உயிர் வாழ்வது என்று நமக்குக் கற்றுத் தந்தார். அந்த நாட்களில் ஒரு தலைமைத்துவப் பயிற்சிக்குப் போனவர், பேச வந்தவர் கையில் கொடுத்த கவரின் கனத்தைப் பார்த்தார். வாழ்க்கையின் நோக்கம் அன்றைக்குத் தெளிவானது.

மிச்சத்தைக் கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பார்த்தேன். படிவம் கொடுத்தாகிவிட்டது. முதல் பக்கத்தில் ஐம்பது விழுமியங்கள், பிடித்த ஐந்துக்குச் சரி போட வேண்டும். நேர்மை, புத்தாக்கம், நிதிச் சுதந்திரம், சாகசம் என்று பட்டியல் நீண்டது. ஒரு சிறுமி அம்மாவின் தாளை இழுத்துச் சாகசத்துக்குச் சரி போட்டாள். போன மாதம்தான் குளவி கொட்டி அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாராம்.

இரண்டாம் பக்கம் இலக்கு. முன்வரிசையில் இன்னோர் அம்மா பேனாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். காதில் தோடு இருந்த இடத்தில் ஈர்க்குத் துண்டு.

"என்னம்மா எழுதலயா?"

"மக டீச்சருக்குப் படிக்க பத்தனை கொலீஜுக்கு எடுபடணும் சேர். ரியூசனுக்குத்தான் தோட்ட அடகு வச்சிருக்கேன். அத எந்தக் கட்டத்துல எழுத?"

"அது மகளோட இலக்கும்மா. உங்களோடது என்ன?"

"அதான் சொன்னேனே சேர்."

சேர் பொறுமைசாலி. இலக்கு என்றால் அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும், அதற்கொரு காலக்கெடு வேண்டும், எட்டாவிட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும் என்று விரல் மடக்கி விளக்கினார்.

அம்மாவின் முகம் தெளிந்தது. "அப்பிடியா? அது தெனமும் இருக்குதே! பதினெட்டு கிலோ கொழுந்து. அந்திக்குள்ள எடுக்கணும். சாக்குக்குன்னு கழிப்பாங்க, ஈரத்துக்குன்னு கழிப்பாங்க. கொறஞ்சா அரைப்பேருதான், பாதிச் சம்பளம்." அப்புறம் உண்மையான அக்கறையோடு கேட்டார்: "எட்டாட்டி ஒங்களுக்கும் அரைப்பேரா சேர்?"

சேர் உடனே இன்னொரு மழைக் கைதட்டல் தட்டச் சொன்னார்.

தட்டல் ஓய்ந்ததும், ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள் என்று பின்வரிசைத் தாத்தாவைக் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

"தம்பி, எங்க அப்பாவுக்காக இந்தப் படிவத்த ரெண்டு பிரதமருங்களே நிரப்பிட்டாங்க. அவர எங்க கேட்டாங்க?"

பிள்ளைகளுக்குப் புரியவில்லை. தாத்தா சொன்னது 1964 அக்டோபர் சங்கதி. இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். இந்திய வம்சாவளிச் சனத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. காலக்கெடு 15 வருடம். அளவு இருந்தது, திகதி இருந்தது. சேர் விரல் மடக்கிச் சொன்ன இலக்கணம் அத்தனையும் அதில் பொருந்தி வந்தது. தலைமன்னாருக்குச் சனம் ஏற்றிய ரயிலுக்கு இங்கே ஒப்பாரிக் கோச்சி என்றுதான் பெயர். தாத்தாவின் அண்ணன் குடும்பம் அதில் போனது.

"நன்றி ஐயா, நல்ல பகிர்வு" என்றார் சேர். டீ பிரேக் விட்டார்.

நானும் எழும்பிப் போயிருப்பேன். ஆனால் இலக்கு சேரைப் பார்க்க வேண்டிய நேரமே டீ பிரேக்தான். கையில் பிளேன்டீயும் மீன் பணிஸுமாக ஜன்னலோரம் நின்றவரைச் சுற்றிப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். டையைத் தளர்த்தினார். சாண்டர்ஸ் காணாமல் போனார். கல்வியியற் கல்லூரி விண்ணப்பம் வர்த்தமானியில் வரும், வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதே. பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ராமையா, அடையாள அட்டையில் இராமய்யாவா? இப்போதே போய்த் திருத்து, நேர்முகத் தேர்வன்றைக்கு அழுது பிரயோசனம் இல்லை. விலாசத்துக்குத் தோட்டத்துப் பெயரை மட்டும் எழுதாதே. கடிதம் தோட்டத்து ஒபீசில் கிடந்து கிடந்து, நேர்முகத் தேர்வு முடிந்த மறுவாரம் உன் கைக்கு வரும். டவுனில் தெரிந்த கடை எது? அந்த முதலாளியிடம் கேட்டுக்கொண்டு கடை விலாசத்தைப் போடு.

கடைசியாகச் சொன்னபோது குரல் கொஞ்சம் கரகரத்தது. அவருக்கு வந்த கடிதம் ஒன்று எந்த ஒபீசில் எத்தனை நாள் கிடந்ததோ, நான் விசாரிக்கவில்லை. தோடில்லாத அம்மா பின்னால் நின்று எட்டிப் பார்த்து, கடை விலாச விஷயத்தை மகளிடம் இரண்டு தடவை சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டார்.

பத்து நிமிடத்தில் ஏற்பாட்டாளர் மணி அடித்தார். சேர் டையை இறுக்கிக்கொண்டு உள்ளே போனார். "ஓகே, இப்ப எல்லாரும் கண்ணை மூடுங்க. ஐந்து வருடத்துக்குப் பிறகு உங்களை நீங்களே பாருங்க." எல்லோரும் மூடினார்கள். தாத்தா முன்பே மூடியிருந்தார், குறட்டை கேட்டது.

முடிவில் வரவுப் பட்டியலில் கையெழுத்து, சான்றிதழ், குழுப்படம். எஞ்சிய படிவங்களை அந்த அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது, மகள் கணக்குப் போட்டுப் பார்க்க உதவுமாம். சேருக்கு அதில் சந்தோஷம்தான். படிவம் முழுதும் தீர்ந்தது என்று அறிக்கையில் எழுதலாம்.

அடுத்த நிகழ்ச்சி பொகவந்தலாவையில். ஏற்பாட்டாளரிடம் நான் ஒரு யோசனை சொன்னேன்: டீ பிரேக்கை இரண்டு மணித்தியாலமாக நீட்டி, செயலமர்வைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். நிகழ்ச்சி நிரல் கொழும்பில் தயாராகிறது, இங்கே மாற்ற முடியாது என்றார்.