டிசைனர் நானாவுக்கு நேரம் கொடுக்காதீர்கள்

மாளிகாவத்தைத் தொடர்மாடிகளில் எந்த மாடியில் விசாரித்தாலும் ஒரு டிசைனர் நானாவைக் காட்டிவிடுவார்கள். பகலில் பஞ்சிகாவத்தையில் மோட்டார் உதிரிப்பாகக் கடையொன்றில் பில் போடுகிறவர், இரவில் ‘கிரியேஷன்ஸ்’ என்று முடியும் நிறுவனமொன்றின் தலைவர், ஊழியர், காவலாளி எல்லாமாகவும் ஆகிவிடுவார். மூலதனம் ஒரு பழைய லெப்டொப்பும், சல்லிக் காசு கொடுக்காமல் இறக்கிக்கொண்ட கிம்ப், இங்க்ஸ்கேப் மென்பொருட்களும், யூடியூப் பாடங்களும்தான். அவர் செய்த சுற்றுப்போட்டிப் போஸ்டரைப் பார்த்ததும் ஊர் தீர்ப்பைச் சொல்லிவிடும்: “ஓசி சொப்ட்வெயார்ல தானாப் படிச்ச மனிசன், வேற எப்படி ஈக்கும்?” போஸ்டர் மோசம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஊர் பிடித்து வைத்திருப்பது தவறான குற்றவாளியை. மென்பொருளும் நிரபராதி, தானாகப் படித்ததும் நிரபராதி. நானாவுக்குக் கிடைத்த அவகாசம்தான் குற்றவாளி.

பி.டி. சிரிசேன மைதானத்துச் சுற்றுப்போட்டிக்கு அவர் செய்யும் போஸ்டரையே எடுத்துக்கொள்வோம். இரண்டு வாரம் முன்பே சொல்லியாகிவிட்டது, அங்கேதான் வினை ஆரம்பம். நடுவே தீப்பிடித்து எரியும் பந்து. பின்னணியில் ஒரு கிரிக்கெட் அரங்கு. 1986இல் திறக்கப்பட்ட கெத்தாராம அரங்கு கூப்பிடு தூரத்தில் இருக்க, இவர் இணையத்தில் தேடிப் பிடித்தது அவுஸ்திரேலிய மைதானமாக இருக்கும். எழுத்துக்குப் பொன்முலாம், முலாமுக்குக் கரை, கரைக்கு நிழல். கலியாணச் சஹனில் இன்னும் ஒரு கறி வைக்க இடமுண்டா என்று பார்க்கும் பரிமாறுகாரரைப்போல வாடிக்கையாளர் தோளுக்குப் பின்னால் நின்று, “நானா, இந்த எடம் சும்மாதானே ஈக்கிது, கப்பு ஒண்டு போட்டு உடுங்களே” என்பார். வெற்றிடமும் அலங்காரம்தான் என்று அவரிடம் சொல்ல நானாவுக்கு வாய் வராது. தவிர, யூடியூப் பாடங்கள் ஒரு நாளைக்கு ஒரு கருவி என்று நடப்பவை. இந்த வாரம் லென்ஸ் பிளேர் படித்திருந்தால், இந்த வாரம் வரும் டியூஷன் நோட்டீசிலும் கணக்கு ஆசிரியரின் தலைக்குப் பின்னால் சூரியன் உதித்தே தீரும். போஸ்டரைப் பார்த்து, மனிசன் எத்தனையாவது பாடத்தில் நிற்கிறார் என்று சொல்லிவிடலாம்.

இதே நானாவின் இன்னொரு வேலையைப் பாருங்கள். சுபஹுக்குப் பின் ஒரு வீட்டில் மௌத்து. அஸருக்குப் பின் மாளிகாவத்தை மையவாடியில் நல்லடக்கம். ஜனாஸா அறிவித்தல் உடனே வேண்டும், ஏனென்றால் அது வட்ஸ்அப்பில் தெஹிவளைக்கும் அக்குறணைக்கும் டோஹாவுக்கும் போய்ச் சேர்ந்தால்தான் வரவேண்டியவர்கள் நேரத்துக்கு வர முடியும். தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது. நானா வெள்ளைப் பின்னணியை எடுக்கிறார். மேலே அரபியில் ஒரு வரி, நடுவே பெரிதாகப் பெயர், அதன்கீழ் இன்னாரின் கணவர், இன்னாரின் தகப்பன், பிறகு வீடு, நேரம், இடம். ஒரே எழுத்துரு, இரண்டே நிறம். கண்ணாடியைத் தேட முடியாத உம்மும்மாவும் வாசித்துவிடலாம். எது முக்கியமோ அது பெரிதாக, எது அடுத்ததோ அது அடுத்ததாக. டிசைன் கல்லூரிகள் ஒரு தவணை முழுவதும் போராடிச் சொல்லிக்கொடுக்கும் பாடம், இங்கே பத்து நிமிட அவசரத்தில் முடிந்துவிடுகிறது.

மௌத்து வீட்டின் மரியாதைதான் அந்த எளிமைக்குக் காரணம், அவசரமல்ல என்று ஒருவர் சொல்லலாம். நியாயமான ஆட்சேபம்தான். அதற்குப் பதில் நாற்பதாம் நாள் கத்தத்துக்கான அழைப்பில் இருக்கிறது. அதே மர்ஹூம், அதே குடும்பம், அதே நானா, அதே கிம்ப். மாறியது ஒன்றே ஒன்று: இடையில் ஐந்து வாரத்துக்கு மேல் அவகாசம். இப்போது முகில்கள் வந்துவிட்டன. முகிலைக் கிழித்துக்கொண்டு ஒளிக்கதிர்கள், இரண்டு புறா, மூலையில் பனித்துளியோடு ரோஜா. பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விஞ்ஞானிகள் ஆய்வுகூடத்தில் இதைவிடச் சுத்தமான பரிசோதனை நடத்த முடியாது.

ஓசி மென்பொருள் என்றால் தரம் குறைவு என்பவர்களுக்கு மாளிகாவத்தையின் தேவை என்னவென்று தெரியவில்லை. இங்கே ஒரு நோட்டீசில் தமிழ், சிங்களம், ஆங்கிலம், அரபி நான்கும் வரும். திருட்டுப் பிரதியாக ஊர் சுற்றிய பழைய போட்டோஷொப்பில் யுனிகோட் தமிழை ஒட்டினால், கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும்; அரபியோ கைகோக்காமல் தனித்தனியாக, தலைகீழ் வரிசையில் நடக்கும். அதனால்தான் யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பேர்க்லி மாணவர்கள் இருவர் 1995இல் தொடங்கிய கிம்ப்போ, ஹார்ஃப்பஸ் என்ற இலவச எழுத்துக் கோர்ப்பு நிரலின் துணையோடு நான்கையும் ஒழுங்காக நிறுத்துகிறது. குரோமிலும் அன்ட்ரொயிட் போன்களிலும் எழுத்தை அடுக்குவதும் அந்த நிரல்தான். சிங்களத்துக்குக் கொழும்பு மூனியக் குழுவினர் வெளியிட்ட அபய லிப்ரே இலவசம். தமிழுக்கு ‘பாலூ தம்பி’ இலவசம், நானாவுக்கு மிகப் பிரியமான தம்பி அதுதான். போதாததற்கு 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபதுக்குத் தாவியது. மாதா மாதம் டொலரில் வாடகை கட்டி மென்பொருள் வைத்திருப்பது பஞ்சிகாவத்தைச் சம்பளத்தில் நடக்கிற காரியமா? அதே ஆண்டு கடதாசித் தட்டுப்பாட்டில் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. கலியாணக் கார்டுகளுக்கும் கைத்தொலைபேசிக்குக் குடிபெயர நல்ல சாக்குக் கிடைத்தது. நானாக்கள் பெருகியதற்கு ஆசை மட்டுமே காரணமல்ல.

அச்சகக்காரர்களின் முறைப்பாடு மட்டும் உண்மையிலேயே கனமானது. திரையில் மரகதமாக ஜொலித்த பச்சை, நான்கு மையில் அச்சாகும்போது பாசி பிடித்துப்போகும், ஏனென்றால் கிம்ப் வேலை செய்வது திரையின் மூன்று நிறங்களில். ஆனால் அச்சுக்கேற்ற பி.டி.எஃப் செய்து கொடுக்கும் ஸ்க்ரைபஸும் இலவசம்தான். அதை நானா ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு, முகில் போடும் பொத்தான் இல்லாததைக் கண்டு மூடிவிட்டார். அதைவிட, கிம்ப்பின் சொந்த எக்ஸ்.சி.எஃப் கோப்பை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, “ஏன் நானா தொறக்கல்ல?” என்று கேட்கும் பழக்கமும் உண்டு. இவை இரண்டும் அவருடைய குறைகள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஒரு பின்னேரத்தில் திருத்திக்கொள்ளக் கூடியவை.

முறையாகப் படித்தவரிடம் கொடுத்தால் நன்றாக வராதா? வரும், வாடிக்கையாளர் அவரைத் தனியே விட்டால். இரண்டு வாரமும், தோளுக்குப் பின்னால் மூன்று மச்சான்மாரும் இருந்தால் பட்டதாரியின் பந்தும் தீப்பிடிக்கும். ஆகவே சுற்றுப்போட்டி நடத்துகிறவர்கள் முந்தின நாள் இஷாவுக்குப் பிறகு போய்ச் சொல்வது உத்தமம். நானாவுக்குத்தான் இதனால் தொழில் நட்டம், முகிலுக்கும் புறாவுக்கும்தான் அவர் காசு வாங்குகிறார். ஜனாஸா அறிவித்தல் என்றால் நன்மைக்காக இலவசமாகவே செய்து கொடுப்பார். அதைத் தன் பேஸ்புக் பக்கத்தில் மாதிரி வேலையாகப் போட்டுக்கொள்ளவும் முடியாது. அங்கே எரியும் பந்துதான் இருக்கிறது.